மண்ணில் காபனைத் தங்கவைப்போம்: மாணவர்களுக்கான பத்து வார வடிவமைப்புச் சவால்

பத்தாவது வாரம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், பாடசாலை ஒன்றின் பின்வளவில் தரம் 9 மாணவி ஒருத்தி தன் குழுவின் சாடியைச் சாக்கில் கொட்டி, மண்ணை விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். முதல் வாரம் கை நிறைய அள்ளிப் போட்ட கிளிசிரிடியா இலையில் நாலைந்து நரம்புகள்தான் மிச்சம். நிமிர்ந்து கேட்டாள்: "சேர், போட்டதெல்லாம் எங்க போச்சு?"

இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான். மண் காபனைச் சேமிக்கிறது என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள். ஆனால் தன் கையால் போட்டது காணாமல் போவதைப் பார்த்த பிள்ளை மட்டும்தான் "அப்படியென்றால் எதைப் போட்டால் தங்கும்?" என்று கேட்கும். மண்ணுக்குள் காபனைப் போடுவது லேசு, தங்கவைப்பதுதான் வேலை. அதை ஒரு போட்டியாக மாற்றி, கையில் காசு இல்லாமல், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்தப் பாடசாலையிலும் செய்யக்கூடிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தரம் 8 முதல் 11 வரை பொருந்தும். விஞ்ஞான ஆசிரியரும் விவசாய ஆசிரியரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

ஆசிரியர் முதலில் தெளிவாக வைத்திருக்க வேண்டியது

உலகம் முழுவதும் மண்ணின் மேல் ஒரு மீற்றர் ஆழத்தில் சேதனப் பொருளாக இருக்கும் காபன் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன். வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டாக இருப்பது ஏறத்தாழ 900 பில்லியன் தொன். உயிரோடு நிற்கும் மரஞ்செடிகளில் இருப்பது அதிலும் பாதியளவு. பின்னைய இரண்டையும் கூட்டினாலும் மண்தான் முன்னுக்கு நிற்கும். இந்த ஒரு கணக்கை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காட்டை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் காலுக்குக் கீழே பார்க்கத் தொடங்குவார்கள்.

காபன் மண்ணுக்குள் வரும் வழி அவர்களுக்குத் தெரிந்ததுதான். செடி ஒளித்தொகுப்பில் காபனீரொட்சைட்டை எடுத்துத் தன் உடலாக்குகிறது. இலை விழுகிறது, வேர் சாகிறது, உயிரோடிருக்கும் வேரிலிருந்தும் வெல்லப் பொருள்கள் மண்ணுக்குள் கசிகின்றன. அப்புறம் பற்றீரியாவும் பங்கசுவும் அவற்றைத் தின்று சுவாசிக்க, பெரும்பகுதி மறுபடி காபனீரொட்சைட்டாக வளிக்குப் போய்விடுகிறது. ஒரு சிறு பங்குதான் மண்ணில் தங்கும்.

இதை விளக்க நம்மிடம் ஒரு நல்ல உவமை இருக்கிறது: குளம். உன்னிச்சைக் குளத்தையோ சேனநாயக்க சமுத்திரத்தையோ பார்க்காத பிள்ளை நம் பக்கம் குறைவு. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. தண்ணீரை வெளியே விடும் மதகான துருசு எவ்வளவு திறந்திருக்கிறது, குளம் நிரம்பி வான் பாய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மண்ணுக்கு மழை போல வருவது செடி, துருசு போல வெளியே விடுவது நுண்ணங்கிகளின் சுவாசம். அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் போத்தலில் ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்ற, இன்னொரு பிள்ளை துளையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மூடட்டும். ஊற்றும் வேகத்தைக் கூட்டாமலே மட்டம் ஏறுவதைப் பார்த்துவிட்டால் போதும், பத்து வாரமும் அந்தப் படம் மனதில் நிற்கும்.

சரி, துருசை மூடுவது எது? நான்கு விடயங்களைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும், ஆசிரியர் அறிந்து வைத்திருந்தால் போதும். ஒன்று களி: அதன் மிக நுண்ணிய துணிக்கைகளில் சேதனப் பொருள் ஒட்டிக்கொண்டால் நுண்ணங்கிக்குப் பிரித்தெடுப்பது கடினம். இரண்டாவது மண் கட்டி: வேரும் பங்கசு இழைகளும் மண்ணைச் சேர்த்துக் கட்டும்போது உள்ளே அகப்பட்ட காபன் பாதுகாப்பாக இருக்கும். உழுது கட்டியை உடைத்தால் அது வெளியே வரும். மூன்றாவது ஒட்சிசன் இல்லாமை. வாவிக்கரைக் கண்டல் காட்டுச் சேற்றை நினைத்துப் பாருங்கள். கறுத்து, கூழ்முட்டை மணத்தோடு, பல காலத்து இலையையும் வேரையும் அப்படியே வைத்திருக்கிறது. நான்காவது, பொருளின் இயல்பே. கரியாக மாறிய காபனை நுண்ணங்கிகள் எளிதில் தின்ன முடியாது.

இதற்கு எதிராக வேலை செய்வது வெப்பம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் உக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஆண்டு முழுக்க வெக்கையான நம் கரையோர மணலில் துருசு எப்போதும் அகலத் திறந்தே இருக்கிறது. அதனால்தான் இந்தச் சவாலுக்கு அந்த மணலையே அடிப்படை மண்ணாக எடுக்கச் சொல்கிறேன். காபனைப் பிடித்து வைக்க மிகவும் சிரமப்படும் மண் அதுதான். அதில் ஒரு குழு வெற்றி பெற்றால் அது உண்மையான வெற்றி.

எப்போது தொடங்குவது

பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில். அப்போது வைக்கோல், உமி இரண்டும் இலவசமாகக் கிடைக்கும், வாடைக்காலப் பெருமழையும் ஓய்ந்திருக்கும். நான் ஒருமுறை ஐப்பசியில் தொடங்கினேன். கார்த்திகை மழையில் சாடிகள் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தன, எல்லாக் குழுவின் மண்ணும் ஒரே நாற்றம். கண்டல் சேற்றைப் பற்றிய பாடமாக அதை எடுத்துக்கொள்ளலாம், போட்டியாக எடுத்துக்கொள்ள முடியாது.

தேவையான பொருள்கள்

ஒரு குழுவுக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு குழுவுக்கும் தலைப்பகுதி வெட்டிய 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, அடியில் ஆறேழு துளை. இரண்டு ஏன் என்றால், ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டாலும் மற்றது இருக்கும். இரண்டிலும் ஒரே விடை வந்தால் அந்த விடையை நம்பவும் செய்யலாம். மேலதிகமாக வகுப்புக்குப் பொதுவாக நான்கு சாடிகள்: இரண்டில் வெறும் மண், இரண்டில் மண்ணின் மேல் வைக்கோலை மட்டும் பரப்பியது. இவைதான் ஒப்பீட்டுச் சாடிகள், இவை இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று அவசியம். ஆய்வுகூடத்தில் இருந்தால் அதையே எடுங்கள். மற்றவை: ஜாம் போத்தல்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு, தேத்தண்ணி வடி, பழைய வெள்ளைப் பருத்தித் துணி, பழைய இரும்புத் தாச்சி, சாக்கு, பயறு விதை. அவ்வளவுதான்.

முதல் இரண்டு பாடவேளை: மூன்று மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது

சவாலைச் சொல்வதற்கு முன் பிள்ளைகள் மண்ணைத் தொட வேண்டும். பாடசாலை வளவு மணல், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல் களி, வாவிக்கரைக் கண்டல் சேறு என்று மூன்று மண். கண்டல் சேற்றில் ஒரு கைப்பிடி போதும். கூட்டமாகப் போய்த் தோண்ட வேண்டாம், ஆசிரியரே கரையோரத்தில் எடுத்து வரலாம்.

ஈரமாகவும் காய்ந்ததாகவும் நிறத்தைப் பார்க்கட்டும். விரலால் தேய்க்கட்டும், மணந்து பார்க்கட்டும். பிறகு காய்ந்த வயல் மண் கட்டி ஒன்றையும், வேலியோரம் புல் வளரும் இடத்துக் கட்டி ஒன்றையும் தேத்தண்ணி வடியில் வைத்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். உழுது உழுது கிடந்த கட்டி கரைந்து தண்ணீர் கலங்கும். புல் வேர் பின்னிய கட்டி பத்து நிமிடம் சென்றும் அப்படியே நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். ஒரே வயல், ஒரே களி, ஆனால் ஒன்றுக்குள் வேர் இருக்கிறது. இந்தச் சோதனையை மணலில் செய்யாதீர்கள், மணலில் கட்டியே நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்டு அதோடு விட்டுவிடுங்கள்.

சவாலின் விதிகள்

கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: "இந்த மணலில் பயறு வளர வேண்டும். பத்து வாரம் கழித்தும் நீங்கள் போட்ட காபனில் முடிந்த அளவு மண்ணிலேயே இருக்க வேண்டும்."

ஒவ்வொரு சாடிக்கும் 4 கிலோ காய்ந்த அடிப்படை மணல். அதில் 800 கிராம் வரை எடுத்துவிட்டு வயல் களியால் நிரப்பலாம். சேர்க்கும் தாவரப் பொருளும் எருவும் காய்ந்த நிறையில் மொத்தம் 200 கிராமுக்கு மேல் போகக் கூடாது. காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. இரண்டாம் வாரம் எல்லாரும் ஐந்து பயறு விதை போட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஊற்றும் தண்ணீர் எல்லாருக்கும் சம அளவு.

"காய்ந்த நிறை" என்ற சொல்லை இரண்டு முறை கோடிட்டுக் காட்டுங்கள். முதல் வருடம் நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு குழு ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை) பச்சையாக 200 கிராம் நிறுத்துப் போட்டது. ஆற்றுவாழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். உண்மையில் அந்தப் பிள்ளைகள் போட்டது 20 கிராமும் வராது. கடைசியில் தங்கள் சாடியில் எதுவுமே இல்லையே என்று வாடிப்போனார்கள், தவறு அவர்களுடையது அல்ல. இப்போது நான் முதலிலேயே 1 கிலோ பச்சை ஆற்றுவாழையைக் கூரைத் தகரத்தில் காயவைத்து, ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்துக் காட்டுகிறேன். ஒரு பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

இன்னொரு விதி உமிக்கரிக்கு. கரி போடும் குழு கரியை நிறுக்கக் கூடாது, கரியாக்குவதற்கு முன்னால் இருந்த உமியைத்தான் நிறுக்க வேண்டும். உமியைக் கருக்கும்போதே அதன் காபனில் ஏறத்தாழ பாதி புகையாகவும் வாயுவாகவும் போய்விடுகிறது. அந்த இழப்பையும் அவர்கள் கணக்கில் ஏற்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் கரிக் குழு ஒவ்வொரு வருடமும் வெல்லும், மற்றப் பிள்ளைகள் அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வடிவமைக்கும் வாரம்

ஒரு பாடவேளை முழுவதையும் வரைவதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் சாடியின் குறுக்குவெட்டை வரைந்து, எந்தப் பொருள், எவ்வளவு, எந்த ஆழத்தில், ஏன் என்று எழுத வேண்டும். "ஏன்" இல்லாத படத்தை நான் ஏற்பதில்லை.

பிள்ளைகள் வழக்கமாகப் போகும் வழிகள் சில உண்டு. ஒரு குழு வைக்கோலை முழுதாக அடியில் அடுக்கும். இன்னொரு குழு கிளிசிரிடியாவை நறுக்கிக் கலக்கும். மாடு உள்ள வீட்டுப் பிள்ளை சாணத்தைக் கொண்டு வரும். யாராவது ஒருவர் தும்புத்தூள் என்பார். எதையும் தடுக்காதீர்கள். வைக்கோலில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு, ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது பங்குக்கு மேல் காபன். அதை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் பயறுக்குத் தேவையான நைதரசனையும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், இளஞ்செடி மஞ்சளாகும். கிளிசிரிடியா இலையில் அந்த விகிதம் பதினைந்துக்குள்தான், அதனால் மளமளவென்று உக்கிப் பயறு செழிக்கும், காபனும் அதே வேகத்தில் பறந்துவிடும். இரண்டையும் ஒரு அளவில் கலக்க வேண்டும் என்று குழுவே ஊகித்தால் மகிழ்ச்சி. ஊகிக்காவிட்டாலும் ஐந்தாம் வாரம் மஞ்சள் இலை வந்து சொல்லிக் கொடுக்கும்.

களியைப் பயன்படுத்தும் அனுமதியைப் பெரும்பாலான குழுக்கள் கவனிப்பதே இல்லை. களி பசளை இல்லையே என்று விட்டுவிடுவார்கள். முதல் பாடவேளையில் தண்ணீரில் நின்ற கட்டியை நினைவுபடுத்துங்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உமிக்கரி செய்வது

இதை மட்டும் ஆசிரியர் நின்று செய்ய வேண்டும், திறந்த வெளியில், புகை போகும் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தாமல். பெரிய பால்மாத் தகரம் ஒன்றின் பக்கங்களில் ஆணியால் நிறையத் துளை போட்டு, அடியை வெட்டி, புகைபோக்கி போலக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே சுள்ளியும் சிரட்டையும் போட்டு நெருப்பு. சுற்றிலும் உமியைக் குவித்துவிடுங்கள். தகரத்தை ஒட்டிய உமி முதலில் கறுக்கும், கறுப்பு மெல்ல மெல்ல வெளிப்பக்கம் பரவும். வெளியில் கறுப்புப் புள்ளிகள் தெரியும்போது நீண்ட தடியால் புரட்டி, முழுதும் கறுத்ததும் உடனே தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும்.

அந்த இடத்தில் நிறுத்தி ஒரு பிடியை மட்டும் அணைக்காமல் விட்டுக் காட்டுங்கள். கால் மணித்தியாலத்தில் அது வெள்ளைச் சாம்பலாகிவிடும். கறுப்பாக இருந்தபோது காபன் கையில் இருந்தது. வெள்ளையானதும் போய்விட்டது, மிஞ்சியது பெரும்பாலும் சிலிக்கா. வீட்டில் அம்மம்மா உமிக்கரியால் பல் துலக்கியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது புதிய பொருள் இல்லை. அது மண்ணில் நூற்றாண்டுகள் கூடக் கிடக்கும் என்பதுதான் புதிது. அமேசன் காட்டில் பழைய குடிகள் கரி சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண் இன்றும் கறுப்பாகவே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லலாம்.

பத்து வாரம்: பார்ப்பதும் பதிவதும்

ஒவ்வொரு திங்களும் பத்து நிமிடம். செடியின் உயரம், இலை நிறம், மண் மேற்பரப்பு, மண்புழு, பூச்சி என்று எது தெரிகிறதோ அது. கொப்பியில் எழுதுவதோடு ஒரு சிறு படமும் வரையட்டும்.

இரண்டாம், ஐந்தாம், ஒன்பதாம் வாரங்களில் மண்ணின் மூச்சைப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெற்றிலைச் சுண்ணாம்பு இரண்டு கரண்டியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கலக்கி, மூடி, ஓர் இரவு விடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் சுண்ணாம்பு நீரை மட்டும் அலுங்காமல் எடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கையாண்டபின் கை கழுவ வேண்டும். ஜாம் போத்தலில் சாடி மண் 100 கிராமை ஈரமாகப் போட்டு, அதன் மேல் ஒரு சிறிய மூடியில் சுண்ணாம்பு நீரை வைத்து, போத்தலை இறுக மூடுங்கள். வெறும் போத்தல் ஒன்றிலும் அப்படியே வையுங்கள், ஏனென்றால் போத்தலுக்குள் இருக்கும் வளியிலும் காபனீரொட்சைட்டு உண்டு.

மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு நீரின் மேல் முதலில் பால் ஆடை போல ஒரு மெல்லிய படலம் தோன்றும். போத்தலைச் சாய்த்தால் அது கண்ணாடித் தூள் போல நொறுங்கிக் கீழே இறங்கும். இரண்டாம் வாரத்தில் கிளிசிரிடியாச் சாடி மண்ணில் அந்தப் படலம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். கரி மட்டும் போட்ட சாடிக்கும் வெறும் மணலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே சிரமமாக இருக்கும். எந்த மண் எவ்வளவு நேரத்தில் படலம் கட்டியது என்று மூன்று வாரங்களையும் ஒரே வரைபில் போட்டால், ஆரம்பத்தில் வேகமாகப் போன காபன் பின்னர் மெதுவாவது தெரியும். மண் மூச்சு விடுவதை நேரில் பார்த்த பிள்ளைகள் மண்ணை மிதிக்கும் விதமே மாறிவிடுகிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு சாடியிலும் மூன்று விரல் அகலப் பருத்தித் துணித் துண்டு ஒன்றைப் புதைத்து, ஒன்பதாம் வாரம் எடுங்கள். பருத்தி என்பது செலுலோசு, அதாவது காபன். உயிர்ப்புள்ள மண்ணில் துணி சல்லடையாகிவிடும். இங்கே ஒரு குழப்பம் கட்டாயம் எழும்: துணியை வேகமாகத் தின்ற மண் நல்ல மண்ணா, காபனை விரைவாக இழந்த மண்ணா? இரண்டும்தான். உக்காவிட்டால் பயறுக்கு உணவில்லை, எல்லாம் உக்கிவிட்டால் மண்ணில் மிச்சமில்லை. விடை சொல்ல அவசரப்படாதீர்கள், வகுப்பு முழுவதும் வாதாடட்டும்.

பத்தாவது வாரம்: மிச்சத்தை அளப்பது

பயறை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணைச் சாடிக்குள்ளேயே உதறுங்கள். சாடி மண் முழுவதையும் சாக்கில் கொட்டி நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை விட்டுவிட்டு மற்ற இரண்டைக் கலந்து மறுபடி நான்காகப் பிரித்து, 150 கிராம் வரும் வரை குறையுங்கள். மேலிருந்து ஒரு பிடி அள்ளினால் மேலே வைக்கோல் போட்டவருக்கு வெற்றி, அடியில் போட்டவருக்குத் தோல்வி. அதனால்தான் இவ்வளவு பாடு.

இன்னும் உருவம் மாறாத வைக்கோல் துண்டுகளை எடுத்துத் தனியாக நிறுங்கள். மண் விஞ்ஞானத்தில் 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகளை மண்ணாகக் கணக்கெடுப்பதில்லை. சிப்பித் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். அவற்றிலும் காபன் உண்டு, ஆனால் அது சுண்ணாம்புக் காபன், இந்தக் கதைக்கு உரியதல்ல.

பிறகு உலர்த்தல். இதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. வெயிலில் இரண்டு நாள், பிறகு தாச்சியில் மெல்லிய சூட்டில் கிளறிக் கிளறி, இரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்தும் நிறை மாறாமல் நிற்கும் வரை. ஈரம் மிச்சமிருந்தால் எரிக்கும்போது போகும் தண்ணீரையும் காபன் என்று கணக்கிட்டுவிடுவோம்.

காய்ந்த மண்ணில் சரியாக 100 கிராம் எடுத்து, ஆசிரியர் கையால், இரும்புத் தாச்சியில், நல்ல விறகு நெருப்பில். தாச்சியின் அடி மங்கலாகச் சிவக்க வேண்டும். கிளறிக்கொண்டே இருங்கள், புகை படாத பக்கமாக நில்லுங்கள், முகத்துக்குத் துணி கட்டுங்கள். முதலில் மண் கறுக்கும், பிறகு கறுப்பு மறைந்து செங்கல் நிறமோ வெளிறிய மணல் நிறமோ வரும். கரிச் சாடியின் மண் மிக அதிக நேரம் எடுக்கும். கறுப்புப் பொட்டுகள் தீரும் வரை விடாதீர்கள். ஆறியதும் தூரிகையால் முழுவதையும் கூட்டி நிறுங்கள். குறைந்த நிறைதான் ஏறத்தாழ மண்ணில் இருந்த சேதனப் பொருள். அதில் 58 சதவீதம் காபன் என்று எடுப்பது பழைய வழக்கம். பள்ளிக் கணக்குக்குப் போதும்.

100 கிராம் எடுப்பதற்கும் காரணம் உண்டு. கரையோர மணலில் சேதனப் பொருள் ஒரு சதவீதமளவே இருக்கலாம். 10 கிராம் எரித்தால் குறைவது 0.1 கிராம், அது தராசின் பிழையோடு சேர்ந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: களி சேர்த்த சாடியில் களித் துணிக்கைக்குள் பிணைந்த நீரும் சூட்டில் போகும், அதனால் விடை கொஞ்சம் கூடக் காட்டும். எருவோ இலையோ சேர்க்காமல் அதே அளவு களியும் மணலும் மட்டும் கலந்து 100 கிராம் எரித்து, அதன் குறைவைக் கழித்தால் நியாயமாக இருக்கும்.

போட்டதில் எவ்வளவு தங்கியது என்பதைக் கணக்கிட, காய்ந்த தாவரப் பொருளில் ஏறத்தாழ 40 சதவீதம் காபன் என்று வையுங்கள். 200 கிராமில் 80 கிராம் காபன். முடிவில் சாடியில் வெறும் மணலை விட 30 கிராம் காபன் கூட இருந்தால், 50 கிராம் வளிக்குப் போயிருக்கிறது. அதை 3.67 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 180 கிராம் காபனீரொட்சைட்டு. காபன் அணுவின் நிறை 12, காபனீரொட்சைட்டு மூலக்கூறின் நிறை 44. அந்த விகிதம்தான் 3.67.

புள்ளி வழங்குவது

50 புள்ளியில் தங்கிய காபனுக்கு 15, பயறுக்கு 10, மண் தண்ணீர் பிடிக்கும் அளவுக்கு 5. மீதி 20 விளக்கத்துக்கு. எண்ணிக்கையில் முதலாவதாக வந்த குழு ஏன் வென்றோம் என்று சொல்லத் தெரியாமல் நிற்பதும், கடைசியாக வந்த குழு தன் காபன் எங்கே போனது என்று சுண்ணாம்பு நீர் வரைபைக் காட்டி விளக்குவதும் நடக்கும். பின்னையவர்கள்தான் பாடத்தைப் படித்தவர்கள்.

சாடியிலிருந்து வட்டைக்கு

கடைசிப் பாடவேளையை வயலுக்கு ஒதுக்குங்கள். ஓர் ஏக்கரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்து மண் ஏறத்தாழ 850 தொன். அதில் காபன் ஒரு சதவீதம் கூடினால் 8.5 தொன், காபனீரொட்சைட்டாக 31 தொன். கேட்டதும் பிள்ளைகள் கண் விரியும். உடனே அடுத்ததையும் கேளுங்கள்: நம் சாடியில் போட்ட அளவை வயலில் போடுவதென்றால் ஏக்கருக்கு எவ்வளவு? 42 தொன்னுக்கு மேல். ஒரு போகத்தில் ஓர் ஏக்கரில் விளையும் வைக்கோல் ஏறத்தாழ அங்கே விளைந்த நெல்லின் நிறைதான். அதில் பெரும்பகுதியும் உக்கிப் பறந்துவிடும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். ஒரு சதவீதம் கூட்டுவது ஒரு போக வேலையல்ல, பல வருட வேலை என்பதைக் கணக்கே சொல்லும். 2015 இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட திட்டம் ஒன்று மண் காபனை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு கூட்டுவதையே இலக்காக வைத்தது. அந்தச் சிறிய எண் ஏன் பெரிய இலக்கு என்பது இப்போது புரியும்.

வைக்கோல் எரிப்பதைப் பற்றிப் பேசும்போது கவனம் வேண்டும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் வெள்ளாமை உண்டு, எரித்தும் இருப்பார்கள். வெட்டு மெசின் வைக்கோலை வரிசையாக விட்டுப் போகிறது, அள்ள ஆளில்லை, அடுத்த உழவில் கலப்பையில் சுற்றுகிறது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும் திகதி நெருங்குகிறது. அப்பா ஏன் எரிக்கிறார் என்பதை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள், குற்றம் சாட்டுவதற்காக அல்ல, வடிவமைப்பதற்கு. அந்தக் காரணங்கள்தான் அடுத்த சவாலின் விதிகள். வெள்ளம் கட்டிய வயலில் பச்சையாக வைக்கோலை அமுக்கினால் ஒட்சிசன் இல்லாமல் மீதேன் வரும், அது நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். அதனால் தண்ணீர் விடுவதற்குச் சில வாரம் முன்னரே காய்ந்த நிலத்தில் கலந்து உக்கவிடுவது நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேதனப் பசளை என்ற சொல்லும் நம் பக்கத்தில் காயம் பட்ட சொல். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்கினார்கள். அதற்கிடையில் விளைச்சல் விழுந்த வீடுகளின் பிள்ளைகள் உங்கள் முன்னால் இருக்கிறார்கள். இந்தப் பாடம் பசளையை விடச் சொல்லவில்லை, மண்ணில் மிச்சம் வைக்கச் சொல்கிறது என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சாடி மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். குழுவின் பெயர், போட்ட பொருள், மிஞ்சிய காபன் மூன்றையும் எழுதி ஒட்டி, மாமர நிழலில் வரிசையாக வையுங்கள். அடுத்த வருடம் வரும் வகுப்பு முதல் வேலையாக அதே சாடிகளிலிருந்து 100 கிராம் எடுத்து எரிக்கட்டும். என்னிடம் இப்போது மூன்று வருடச் சாடிகள் நிற்கின்றன. கிளிசிரிடியாச் சாடியை வெறும் மணலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. களியும் சாணமும் கலந்த சாடியை விரலால் தொட்டாலே தெரிகிறது, மண் இன்னும் சின்னச் சின்னக் கட்டியாக உருளுகிறது.